இல்லாத புகையிரதத்திற்கு அளவெடுத்தல்

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியில் நிற்பது சிறுதேர்ப் பருவம். பெருந்தேர் ஓடும் வீதியைக் கண்ட குழந்தை, தன் கைக்கு அடங்கிய தேரொன்றை முற்றத்தில் உருட்டி மகிழ்வதை நம் புலவர் ஒரு பருவமாகவே வகுத்துப் போற்றினர். பெரியதைச் சிறியதாக்கிக் கைக்குள் வைத்துக் காணும் இவ்வேட்கை எந்நாட்டார்க்கும் பொது. தேரோடும் உலகிற் புகையிரதம் வந்தபின், சிறுதேரோடும் முற்றத்திற் சிறு புகையிரதமும் வந்தது. இன்று பல நாடுகளில் முதியோரும் இளையோரும் தம் ஓய்வு நேரத்திற் பொறுமையுடன் பயின்று வரும் கைவினைகளுள் மாதிரிப் புகையிரதம் அமைத்தலும் ஒன்று.

இவ்வினையில் வல்லோர் பின்பற்றும் பொதுநெறி எளியது. ஓடிய வண்டி ஒன்றைத் தெரிந்து, அதன் வரைபடத்தைப் பெற்று, ஒவ்வோர் அளவையும் ஒரே விகிதத்தாற் குறைத்து, அவ்வண்ணமே செய்துவிடுவர். செய்தது சரியோ பிழையோ என்று ஐயம் எழின், மூலவண்டியின் அருகே அளவுகோலுடன் சென்று தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒருகாலும் ஓடாத வண்டியை, கதையில் மட்டுமே ஓடிய வண்டியை, மாதிரியாக அமைக்க ஒருவர் விரும்பினால் அவர் அளவுகோலை எடுத்துக்கொண்டு எங்கே செல்வார்? எது சரி, எது பிழை என்று அவருக்குச் சொல்பவர் யார்?

யப்பானிய மாதிரி அமைப்போர் பலர் இவ்வினாவை எதிர்கொண்டிருக்கின்றனர். விண்மீன்களுக்கிடையே ஓடுவதாக அந்நாட்டு எழுத்தாளர் இருவர் படைத்த புகையிரதங்கள் அங்கே வீடுதோறும் அறியப்பட்டவை. அவற்றை மேசைமேல் ஓடவைக்க முயல்வோர் எவ்வெவ் இடர்களைக் காண்பர், அவற்றை எவ்வாறு தீர்ப்பர் என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கின்றோம்.

இரு கதைகள்

முதலாவது புகையிரதத்தைப் படைத்தவர் மியசாவா கென்ஜி என்னும் கவிஞர். வடகீழ் யப்பானில் இவாத்தே மாகாணத்து ஹனமாக்கி நகரில் 1896 ஆம் ஆண்டு பிறந்து, 1933 இல் முப்பத்தேழாம் வயதில் மறைந்தவர். அவருடைய அன்புத் தங்கை தோஷி 1922 இல் இறந்தாள். அடுத்த ஆண்டு அவர் வடக்கு நோக்கிப் புகையிரதத்திலும் கப்பலிலும் நெடும்பயணம் ஒன்று செய்தார். அதன்பின் அவர் எழுதத் தொடங்கி, இறக்கும்வரை திருத்திக்கொண்டே இருந்த கதை ‘பால்வீதிப் புகையிரதத்தின் இரவு’. அது அச்சேறியது 1934 இல், ஆசிரியர் மறைந்தபின்னரே. ஜொவான்னி என்னும் ஏழைச் சிறுவன், தன் நண்பன் கம்பனெல்லாவுடன் ஓரிரவு வானத்துப் புகையிரதத்திற் செல்கின்றான். அது இறந்தோரை ஏற்றிச் செல்லும் வண்டி என்பதும், நீரில் வீழ்ந்த தோழன் ஒருவனைக் காக்கச் சென்ற கம்பனெல்லா மீளவில்லை என்பதும் கதையின் முடிவிலேயே தெளிவாகின்றன.

இரண்டாவது புகையிரதத்தைப் படைத்தவர் மட்சுமோட்டோ லெய்ஜி என்னும் சித்திரக்கதை ஆசிரியர். 1938 இற் பிறந்து 2023 இல் மறைந்த இவர், மியசாவாவின் வானப் புகையிரதத்தை மனத்திற் கொண்டு ‘பால்வீதிப் புகையிரதம் 999’ என்னும் தொடரை 1977 இல் வரையத் தொடங்கினார். 1978 இல் அது தொலைக்காட்சித் தொடராயிற்று. 1979 இல் திரைப்படமாயிற்று. தாயை இழந்த தெத்சுரோ என்னும் சிறுவன், மேத்தெல் என்னும் கரிய உடை அணிந்த பெண்ணின் துணையோடு, அழியாத இயந்திர உடல் பெறுவதற்காக அந்திரொமேடா நோக்கிப் பயணஞ் செய்வதே கதை. வழியிற் பற்பல உலகங்களைக் கண்டபின், அழிவுடைய இம்மானுட உடலே போதும் என்று அவன் தெளிகின்றான்.

இவ்விரண்டாவது கதையில் வரும் வண்டியின் வடிவம் வியப்பிற்குரியது. வானத்தைக் கடக்கும் அவ்வண்டி ஏவுகணை போன்று வரையப்படவில்லை. கரிபடிந்த பழைய நீராவி எஞ்சின் முன்னே செல்ல, நேரெதிர் இருக்கைகள் கொண்ட பழைய பயணிகள் பெட்டிகள் அதனைத் தொடர்கின்றன. எஞ்சினுள்ளே சாரதி இல்லை; கணிப்பொறிகளே அதனைச் செலுத்துகின்றன. புறப்பட்ட இடத்திற்கு மீண்டு வாராத பயணிகளுக்கு இத்தகைய பழைய வண்டியே வேண்டும் என்னும் கருத்து கதையிலேயே வருகின்றது. மியசாவாவின் வண்டி பிரிந்தோரின் வண்டி. மட்சுமோட்டோவின் வண்டி மீளாதோரின் வண்டி. மாதிரி அமைப்போர் இதனை முதலில் நெஞ்சிற் பதித்துக்கொள்ள வேண்டும். பின்னர் வரும் சிறுசிறு முடிவுகள் பலவும் இதனைப் பற்றியே நிற்கும்.

கற்பனையின் அடியில் நிற்கும் பொறி

சித்திரத்தில் வரையப்பட்ட எஞ்சினை அளக்க முடியாது. ஒரு படத்தில் நீண்டிருக்கும்; மற்றொன்றிற் குறுகியிருக்கும். ஆசிரியரின் நோக்கம் வடிவத்தின் மிடுக்கைக் காட்டுவதே ஆதலின், அவர் மில்லிமீற்றரை எண்ணவில்லை. ஆயினும் அமைப்போனுக்கு ஒரு நற்பேறு உண்டு. அவ்வெஞ்சின் வெறுங் கற்பனை அன்று. சி 62 என்னும் மெய்யான எஞ்சினின் வடிவமே அது.

யப்பானிய அரச புகையிரதப் பகுதியின் வழக்கில், எஞ்சினின் பெயரில் நிற்கும் எழுத்து இயக்கு அச்சுகளின் தொகையைக் குறிக்கும். சி என்பது மூன்று. டி என்பது நான்கு. போருக்குப் பின்னர் அந்நாட்டிற் சரக்கு எஞ்சின்கள் மிகுந்தும் விரைவுப் பயணிகள் எஞ்சின்கள் குறைந்தும் இருந்தன. ஆதலால் டி 52 என்னும் சரக்கு எஞ்சின்களின் பெரிய கொதிகலன்களை எடுத்து, விரைந்தோடும் புதிய சட்டகத்தில் ஏற்றி, 1948 இலும் 1949 இலும் 49 எஞ்சின்களை உருவாக்கினர். அவையே சி 62. முன்னே இரண்டு அச்சு, நடுவே மூன்று இயக்கு அச்சு, பின்னே இரண்டு அச்சு என்பது அவற்றின் சக்கர ஒழுங்கு. இயக்கு சக்கரத்தின் விட்டம் 1,750 மில்லிமீற்றர். நிலக்கரியும் நீரும் சுமக்கும் கரிவண்டியோடு சேர்த்து நீளம் ஏறக்குறைய 21.5 மீற்றர், ஓடும் நிலையில் நிறை சுமார் 145 தொன். யப்பானிற் பயணிகள் வண்டி இழுத்த நீராவி எஞ்சின்களுள் இவையே மிகப் பெரியவை. 1954 ஆம் ஆண்டு திசெம்பர் 15 ஆம் நாள், கிசோ ஆற்றுப் பாலத்தில், இவ்வகையின் 17 ஆம் எஞ்சின் மணிக்கு 129 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிற்று. குறும்பாதையில் நீராவியால் எய்தப்பட்ட உச்ச வேகமாக அது போற்றப்படுகின்றது.

இரு ஆண்டுகள் கழித்து, 1956 இல், தோக்கியோவையும் ஒசாக்காவையும் இணைக்கும் தொக்காயிதோ முதன்மைப்பாதை முழுவதும் மின்மயமாயிற்று. விரைவு வண்டிகள் சி 62 ஐ விட்டு விலகின. வடக்கே ஹொக்காயிதோத் தீவின் மலைச் சரிவுகளில், இரண்டு எஞ்சின்கள் முன்பின்னாக நின்று இழுத்த விரைவு வண்டி 1971 வரை ஓடிற்று. 1975 ஆம் ஆண்டின் இறுதியில், அரச பாதைகளில் நீராவி எஞ்சின் இழுத்த கடைசிப் பயணிகள் வண்டியும் கடைசிச் சரக்கு வண்டியும் ஓடி முடிந்தன. 1976 இன் தொடக்கத்திற் பெட்டிகளைத் தள்ளி ஒழுங்குசெய்த சில எஞ்சின்களும் அணைந்தன.

இங்கே ஆண்டுகளை வாசகர் உற்று நோக்கவேண்டும். மண்மேல் ஓடிய நீராவி எஞ்சின் 1976 இல் ஓய்ந்தது. 1977 இல் அது வானத்தில் ஏறிற்று. மட்சுமோட்டோவின் சித்திரக்கதையைக் கையில் எடுத்த யப்பானியச் சிறுவன், அந்த எஞ்சினைத் தன் தந்தையின் ஊரில் நேற்றுவரை கண்டவன். 49 எஞ்சின்களுள் இன்று எஞ்சியிருப்பவை ஐந்தே. அவற்றுள் 17 ஆம் எஞ்சினை நகோயாவின் காட்சிச்சாலையிலும், 2 ஆம் எஞ்சினைக் கியோத்தோவின் காட்சிச்சாலையிலும் காணலாம். கற்பனை வண்டியின் அளவைத் தேடுவோன் அளவுகோலுடன் செல்லவேண்டிய இடம் இதுவே.

இரண்டு தண்டவாளங்களின் இடையகலம்

யப்பானில் மிகப் பரவலாக வழங்கும் சிற்றளவு ‘என்’ வகை எனப்படும். அதன் தண்டவாள இடையகலம் 9 மில்லிமீற்றர். யப்பானிய நிறுவனமாகிய கட்டோ 1965 இல் சி 50 எஞ்சினை இவ்வகையில் வெளியிட்ட பின்னர், சிறு வீடுகள் மிகுந்த அந்நாட்டில் இவ்வகை வேரூன்றிற்று. பொதுப்பாதையில் ஓடும் வண்டிகளுக்கு யப்பானியர் கொள்ளும் அளவுத்திட்டம் 150 இல் ஒரு பங்கு. எனவே சி 62 இன் நீளம் 143 மில்லிமீற்றர் ஆகும். இயக்கு சக்கரத்தின் விட்டம் 11.7 மில்லிமீற்றர் ஆகும். 20 மீற்றர் நீளமான பெட்டி 133 மில்லிமீற்றர் ஆகும். இதுவரை இடர் இல்லை.

தண்டவாளத்திற்கு வரும்போதே இடர் எழுகின்றது. யப்பானின் பழைய பாதைகள் 1,067 மில்லிமீற்றர் இடையகலம் உடையவை. இலங்கையின் 1,676 மில்லிமீற்றர் அகலப்பாதையைப் பார்த்துப் பழகிய நமக்கு அது மிக ஒடுங்கியதாகத் தோன்றும். 1,067 ஐ 150 ஆற் பிரித்தால் 7.1 மில்லிமீற்றரே வரும். ஆனால் மாதிரி வண்டி ஓடுவதோ 9 மில்லிமீற்றர்த் தண்டவாளத்தில். அதனை 150 ஆற் பெருக்கினால் 1,350 மில்லிமீற்றர் ஆகும். அஃதாவது, மாதிரியில் வரும் சி 62 தனக்குரியதைக் காட்டிலும் 283 மில்லிமீற்றர் அகன்ற பாதையில் ஓடுகின்றது. ஒடுங்கிய பாதையிற் பெருங் கொதிகலனைத் தாங்கி நிற்பதே அவ்வெஞ்சினின் அழகு. முன்நின்று பார்ப்போனுக்கு அவ்வழகிற் சிறிது குறைந்துவிடும். அதிவேக ‘சிங்கன்சென்’ வண்டிகளுக்கு இவ்விடர் இல்லை. அவற்றின் பாதை 1,435 மில்லிமீற்றர். அவற்றிற்கு 160 இல் ஒரு பங்கு என்னும் திட்டத்தைக் கொள்வதால், விடை ஏறக்குறைய 9 மில்லிமீற்றராகவே வந்துவிடுகின்றது.

மியசாவாவின் வண்டியை எடுத்துக்கொண்டால் கணக்கு வேறாகும். அவர் தம் கதையில் வரும் வண்டியை இலகு புகையிரதம் என்றே குறிப்பிடுகின்றார். அவருடைய ஊராகிய ஹனமாக்கியிலிருந்து மலைநோக்கிச் சென்ற இவாத்தே இலகு புகையிரதமே அதற்கு முன்மாதிரி என்று கருதப்படுகின்றது. 1913 இல் ஓடத் தொடங்கிய அப்பாதையின் இடையகலம் 762 மில்லிமீற்றர். நம் நாட்டிற் களனிப் பள்ளத்தாக்குப் பாதை 1990 களில் அகலப்பாதையாக மாற்றப்படுமுன் கொண்டிருந்த இடையகலமும் அதுவே. முன்னர் அவிசாவளைக்குச் சென்ற சிறிய வண்டியைக் கண்ட பழைய மாணவர்கள், மியசாவாவின் வண்டி எத்துணைச் சிறியது என்பதை எளிதில் உணர்வர். இந்த 762 ஐ 87 ஆற் பிரித்தால் 8.76 மில்லிமீற்றர் வரும். எனவே 87 இல் ஒரு பங்காக வண்டியைச் செய்து அதே 9 மில்லிமீற்றர்த் தண்டவாளத்தில் வைத்தால், பாதையும் வண்டியும் பெரும்பாலும் பொருந்திவிடும். படமாகக் கிடைத்த வண்டி பாதையிற் பொருந்தாமல் நிற்க, சொல்லால் மட்டுங் கிடைத்த வண்டி அதே பாதையிற் பொருந்துகின்றது.

சிறிதாகும்போது மாறுவன

நீளத்தை 150 ஆற் குறைத்தால் எல்லாம் 150 ஆற் குறையும் என்று நினைத்தல் இயல்பு. நிறை அவ்வாறு குறைவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால், நிறை 150 இன் மும்மடிப் பெருக்கமாகிய 33,75,000 ஆற் குறையும். 145 தொன் நிறையுள்ள எஞ்சின் 43 கிராம் ஆகிவிடும். அவ்வளவு இலேசான எஞ்சின், பெட்டிகளை இழுக்கமாட்டாது சக்கரம் வழுக்கி நிற்கும். ஆதலாற் கொதிகலனுள் ஈயமோ வேறு பாரமான உலோகமோ இட்டு நிறையைக் கூட்டுவர். உருவத்திற்கு உண்மையாய் இருப்பதற்காக நிறையிற் பொய்யாய் இருக்க நேருகின்றது.

வளைவும் இத்தகையதே. மெய்யான முதன்மைப்பாதையில் 300 மீற்றர் ஆரமுள்ள வளைவு மிக இறுக்கமானது எனப்படும். 150 இல் ஒரு பங்காக்கினாலும் அது 2 மீற்றர் ஆரம். முழுவட்டம் அமைக்க 4 மீற்றர் அகலமான அறை வேண்டும். விற்பனையில் உள்ள தண்டவாளங்களோ 282 மில்லிமீற்றர் ஆரத்திலும் வளைகின்றன. நீண்ட சட்டகமுள்ள சி 62 அவ்வளைவிற் செல்லவேண்டின், முன்போகி உருளையில் இடியாதவாறு உருளையைச் சற்று வெளியே தள்ளவேண்டும். எஞ்சினுக்கும் கரிவண்டிக்கும் இடையே உள்ள இடைவெளியைக் கூட்டவேண்டும். மேசையளவே இடமுள்ளோர் இவ்விட்டுக்கொடுப்பைச் செய்யாமல் ஓடவைக்க இயலாது.

வேகத்தையும் குறைக்கவேண்டும். மணிக்கு 100 கிலோமீற்றர் என்பது மாதிரியில் ஒரு செக்கனுக்கு 18.5 சென்ரிமீற்றர் மாத்திரமே. 129 கிலோமீற்றர்ப் பெருவேகமும் 24 சென்ரிமீற்றரே. புதிதாய்ப் பழகுவோர் மின்னோட்டத்தை முழுதும் திறந்துவிட்டு எஞ்சினைப் பம்பரம்போல் ஓட்டுவர். மீளாதோரை ஏற்றிச் செல்லும் வண்டி அவ்வாறு புறப்படின் கதையின் பொருள் கெடும். அது மெல்லப் புறப்படவேண்டும்.

நிறமும் உருவத்தோடு மாறும் என்பது பலர் அறியாதது. கரிய எஞ்சினைக் கரிய மையாற் பூசினால், மேசைமேல் அது வடிவமற்ற நிழலாகத் தோன்றும். குழாய்களும் ஆணிகளும் கண்ணுக்குப் புலப்படா. ஆதலின் வல்லோர் கருஞ்சாம்பல் நிறத்தையே பூசுவர்.

மூன்று நிரல்கள்

இனி, கற்பனை வண்டிக்கே உரிய இடருக்கு வருவோம். இதற்கு நாம் பரிந்துரைக்கும் வழி ஒன்றுண்டு. வெட்டவும் ஒட்டவும் தொடங்குமுன், ஒரு தாளில் மூன்று நிரல் கீறவேண்டும். முதல் நிரலிற் கதை சொல்வது. இரண்டாம் நிரலில் மெய்யான பொறி சொல்வது. மூன்றாம் நிரலில் அமைப்போன் தானே துணிந்தது. ஒவ்வோர் உறுப்பும் இம்மூன்றில் ஒன்றிலேயே எழுதப்படவேண்டும்.

மியசாவாவின் வண்டிக்கு முதல் நிரல் வியப்பூட்டும் அளவிற்கு நிறைந்து வரும். பெட்டியினுள்ளே சிறிய மஞ்சள் விளக்குகள் வரிசையாய் உள்ளன. இருக்கைகள் நீல வெல்வெற்றால் மூடப்பட்டவை. எதிர்ச்சுவர் சாம்பல் நிற வார்னிசு பூசப்பட்டது. அதிற் பித்தளையாலான பெரிய பொத்தான்கள் இரண்டு ஒளிர்கின்றன. இவ்வளவையும் கதையே சொல்கின்றது. மேலும், அவ்வண்டி நிலக்கரி எரிக்கவில்லை என்று சிறுவர் கவனிக்கின்றனர். மதுசாரமோ மின்சாரமோ அதனை ஓட்டலாம் என்று பேசிக்கொள்கின்றனர். எனவே புகைபோக்கியிற் கரும்புகை வரைதல் கதைக்கு மாறு. இதனை அறியாது புகை அமைத்தவர், கண்முன்னே கிடந்த சான்றைக் காணாது விட்டவராவர்.

ஆனால் அவ்வண்டிக்கு எத்தனை பெட்டி, எஞ்சினின் வடிவம் யாது என்பவற்றைக் கதை வரையறுத்துச் சொல்லவில்லை. அவை இரண்டாம் நிரலிலோ மூன்றாம் நிரலிலோ சேரும். நீல வெல்வெற்று என்பதற்காக மெய்யான வெல்வெற்றை ஒட்டுதலும் ஆகாது. அத்துணியின் மயிர் ஒரு மில்லிமீற்றர் உயரமாயின், 87 இல் ஒரு பங்கான பெட்டியில் அது 87 மில்லிமீற்றர் உயரப் புல்லாகிவிடும். ஒளி மங்கிய நீலப் பூச்சே அங்கு வெல்வெற்றாகத் தோன்றும். பொத்தானின் விட்டம் 40 மில்லிமீற்றர் என்று நாம் துணிந்தால், மாதிரியில் அது அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. மெல்லிய பித்தளைக் கம்பியின் நுனியை அறுத்துச் செருகினாற் போதும்.

மட்சுமோட்டோவின் வண்டியிலே மூன்றாம் நிரலைச் சோதிப்பது எஞ்சினின் இலக்கம். திரைப்படத்தில் வரும் இலக்கம் சி 62 48. தொலைக்காட்சித் தொடரில் வருவது சி 62 50. உருவாக்கப்பட்டவை 49 எஞ்சின்களே என்பதை முன்னரே கூறினோம். எனவே 48 என்பது மெய்யாக ஓடிய எஞ்சினின் இலக்கம். 50 என்பது ஒருபோதும் பிறவாத எஞ்சினின் இலக்கம். 48 என்னும் தகட்டைப் பொருத்துவோன், அவ்வொரு குறித்த எஞ்சினின் குழாயும் தகடும் எவ்வாறு இருந்தன என்பதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் ஆகின்றான். 50 என்னும் தகட்டைப் பொருத்துவோனுக்கு அக்கடமை இல்லை. சி 62 வகைக்குப் பொதுவானதைச் செய்தாற் போதும். ஒரு சிறு தகட்டிலுள்ள இலக்கம், எந்தச் சான்றுக்கு நாம் கட்டுப்படுகின்றோம் என்பதைத் தீர்த்துவிடுகின்றது.

வானத்தில் ஏறும் பாதை

999 ஆம் வண்டி பூமியை விட்டுப் புறப்படும் காட்சியை அறியாத யப்பானியர் அரியர். நிலையத்திலிருந்து செல்லும் பாதை மேல்நோக்கி உயர்ந்து, வெளியிலே முடிந்துவிடுகின்றது. வண்டி அம்முனையைத் தாண்டி வானிற் செல்கின்றது. இக்காட்சியை அமைக்க விரும்பாதார் இலர்; ஆனால் இதுவே ஓடும் மாதிரிக்குப் பகையானது. சிற்றெஞ்சின் பெட்டிகளுடன் ஏறக்கூடிய சரிவு நூற்றுக்கு நான்கு என்னும் அளவைக் கடத்தல் அரிது. அச்சரிவில் 20 சென்ரிமீற்றர் உயர 5 மீற்றர் நீளம் வேண்டும். அவ்வளவு நீண்டு உயரும் பாதை பார்ப்பதற்குச் சமதரையாகவே தோன்றும். முனையை அடைந்த எஞ்சினோ தரையில் வீழ்ந்து உடையும்.

ஆகவே அமைப்போன் இரண்டிலொன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். வானில் ஏறும் தோற்றம் வேண்டுமாயின், ஒளிபுகும் பிளாத்திக்குத் தண்டின்மேல் வண்டியைச் சரித்து நிறுத்தி, ஓடாக் காட்சியாக அமைக்கலாம். ஓட்டம் வேண்டுமாயின், கரிய துணி விரித்த மேசையில் தண்டவாளத்தையும் கருமையாக்கி, அறையின் விளக்கை அணைத்துவிடலாம். அப்பொழுது பாதை கண்ணுக்கு மறைய, சன்னல்களின் வரிசை மட்டும் இருளில் நகரும். எமக்கு இரண்டாவது முறையே சிறந்ததாகப் படுகின்றது. அதற்கு இன்றியமையாதது உள்விளக்கு. மஞ்சள் ஒளி தரும் சிறிய எல்.ஈ.டி. விளக்குகளைக் கூரையினுள் வரிசையாக ஒட்டி, சக்கரங்களின் வழியே மின்னோட்டம் பெறவேண்டும். தண்டவாளத்திலுள்ள அழுக்கினால் விளக்கு துடியாதிருக்க, பெட்டியொன்றிற்கு ஒரு சிறிய கொள்ளளவி சேர்த்தல் நன்று. நீராவிப் புகையைச் சிறிய அளவிற் காட்ட முயல்வது பெரும்பாலும் வீண். எஞ்சினைச் சிறிதாக்கலாம், புகையின் துளியைச் சிறிதாக்க இயலாது.

முழு அளவில் ஒரு மாதிரி

கற்பனை வண்டியை அமைக்கும் இம்முயற்சி மேசையோடு நின்றுவிடவில்லை. மியசாவாவின் வண்டி ஓடியதாகக் கருதப்படும் பழைய இலகு பாதை 1936 இல் அரசுடைமையாகிப் பின் அகலமாக்கப்பட்டது. இன்று அது கமாயிஷிப் பாதை எனப்படும். அதில், கிழக்கு யப்பான் புகையிரத நிறுவனம் ‘எசு. எல். கிங்கா’ என்னும் நீராவி வண்டியை 2014 முதல் 2023 யூன் வரை ஓட்டிற்று. கிங்கா என்பது பால்வீதி. பூங்காவிற் காட்சிக்கு நின்ற சி 58 239 என்னும் எஞ்சினை மீண்டும் உயிர்ப்பித்து, மியசாவாவின் கதையைத் தழுவிப் பெட்டிகளை அழகுசெய்து, ஒரு பெட்டியினுள் சிறிய கோளரங்கமும் அமைத்தனர்.

அங்கும் ஓரிடர் எழுந்தது. மலைச் சரிவில் அவ்வெஞ்சின் தனியே நான்கு பெட்டிகளை இழுத்தல் கடினம். ஆதலால், தாமே ஓடவல்ல டீசற் பெட்டிகளைக் கொணர்ந்து, எஞ்சின் முன்னே இழுக்கப் பெட்டிகள் பின்னே தள்ளுமாறு செய்தனர். மேசை மாதிரிகளிலும், எஞ்சின் மிகச் சிறிதாயின், மோட்டரைப் பின்வரும் பெட்டியில் மறைத்து வைப்பதுண்டு. அளவு 87 மடங்கு வேறுபட்டும் தீர்வு ஒன்றாகவே அமைந்தது. இறுதியில் அவ்வண்டி நின்றதும் எஞ்சினால் அன்று. அப்பெட்டிகள் முதுமையடைந்தமையாலேயே நிறுத்தப்பட்டது.

இம்முயற்சியாற் பயன் யாது?

வளர்ந்தோர் இத்தகைய வேலையிற் பொழுதைச் செலவிடுதல் தகுமோ என்று வினவுவோர் இருக்கலாம். மறைந்த பொருளைப் பற்றி அடுத்த தலைமுறை அறிவது எஞ்சிய சான்றுகளாலேயே. அச்சான்றுகளுள் மாதிரியும் ஒன்று. அமைப்போன் தன் துணிபைக் கதையின் சொல்லென்றோ பொறியின் அளவென்றோ மயங்கவைத்தால், காண்போர் அதனையே உண்மை என்று கொள்வர். மூன்று நிரல்களையும் எழுதி மாதிரியின் அடியில் ஒட்டிவைப்பவன், தன் கைவினையோடு நேர்மையையும் விட்டுச் செல்கின்றான். வரலாறு எழுதுவோர்க்கும் பழைய ஏட்டைப் பதிப்போர்க்கும் உரிய ஒழுக்கம் இதுவே.

யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு இது தொலைவான செய்தியன்று. 1990 இல் நின்றுபோன புகையிரதம் 2014 ஒற்றோபரிலேயே மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளில் இங்கே வளர்ந்த மாணவர்க்குப் புகையிரதம் என்பது பெற்றோர் சொல்லிய கதையாகவே இருந்தது. தண்டவாளம் இருந்த இடம், நிலையத்தின் மேடை, பெட்டியின் நிறம் யாவும் சொல்லின் வழியே அவர்களை அடைந்தன. பழைய நிலையங்களை மாதிரியாக அமைக்க இன்று ஒரு மாணவன் முற்பட்டால், மூத்தோர் சொல்வது எது, படமும் அளவும் காட்டுவது எது, தான் இட்டு நிரப்பியது எது என்று அவனும் பிரித்து எழுதவேண்டியிருக்கும்.

இதனைத் தொடங்க மோட்டரும் மின்னோட்டமும் கட்டாயம் அல்ல. கடின அட்டையும் கூரிய கத்தியும் பசையும் பொறுமையும் போதும். சி 62 ஐ 50 இல் ஒரு பங்காக அட்டையிற் செய்தால் நீளம் 43 சென்ரிமீற்றர். இயக்கு சக்கரம் 35 மில்லிமீற்றர். ஓடாத மாதிரிக்கு விற்பனைத் தண்டவாளம் வேண்டுவதில்லை. எனவே அதன் பாதையைச் சரியான அளவாகிய 21.3 மில்லிமீற்றரிலேயே அமைக்கலாம். விலையுயர்ந்த ஓடும் மாதிரிகளுக்கு வாய்க்காத அந்த ஒடுங்கிய பாதையின் அழகு, அட்டை மாதிரிக்கு வாய்க்கும். கல்லூரியின் பொழுதுபோக்குக் கழகங்கள் இதனை ஒரு தவணைக்குரிய வேலையாக எடுத்துக்கொள்ளலாம். மூன்று நிரலும் கீறிய தாளே முதல் வேலை. கத்தியை எடுப்பது அதன்பின்னரே.